இந்தத் தடவை இறங்க மாட்டேன்

மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவரைப் பார்ப்பார்கள். டிரம்ஸ்காரர் குச்சியைச் சுழற்றினால் பார்ப்பார்கள். கீபோர்டுக்காரர் தலையை ஆட்டினால்கூட அதற்கொரு விசில் கிடைக்கும். பின்வரிசையில், டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் மிஞ்சிய ஒரு முழ இடத்தில், நாலே தந்தி கட்டிய நீளமான கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கிறவரைக் கல்யாண வீடியோக்காரர்கூட விட்டுவிட்டுத்தான் கேமராவைத் திருப்புவார். அவர் ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டால் மட்டும் பாட்டுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாமல் சனம் மைக்செட்காரரைத் திட்டும்.

வியாசர்பாடி செங்கொடிக்கு இதிலெல்லாம் வருத்தம் கிடையாது. பார்க்காவிட்டால் போகட்டும், கேட்டால் சரி என்கிற ரகம் அவள். கல்லூரியில் படிக்கும்போது ராயபுரத்துத் தோழி ஜெனியோடு அவளுடைய சர்ச்சுக்கு வேடிக்கை பார்க்கப் போனாள். பாடகர் குழுவில் யாரும் தொடாமல் மூலையில் சாத்திவைத்திருந்த பேஸ் கிட்டாரை எடுத்து ஒரு தட்டு தட்டினாள். அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழுந்தது. அன்றைக்குப் பிடித்தவள்தான், அதுவே தொழிலாகிவிட்டது. கல்யாண வரவேற்பு, ஆடி மாசத்துக் கூழ் திருவிழா, எண்ணூர் தொழிற்சங்க ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் ஆராதனை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கிட்டார் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கிவிடுவாள்.

அவளுக்கு ஆறாத வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்றுதான். சினிமாவில் பாடுகிற பிரபலம் யாராவது கச்சேரிக்கு விருந்தாளியாக வந்தால், அவர் தன்னுடைய பேஸ் வாசிப்பவரைக் கையோடு கூட்டி வருவார். விருந்தாளி மேடை ஏறும்போது உள்ளூர் பேஸ் இறங்கிவிட வேண்டும். எழுதாத சட்டம். கேட்டால், பாட்டுக்கு அஸ்திவாரமே பேஸ்தான், அதில் தெரியாத ஆளை நம்ப முடியாது என்பார்கள். பேஸுக்கு இவ்வளவு பெரிய மரியாதையா என்று சந்தோஷப்படலாம் என்றால், அந்த மரியாதை கிடைக்கிற நேரத்தில் அவள் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய ஆம்ப்ளிஃபயரில் வேறு யாரோ வாசித்துக்கொண்டிருப்பார்.

இப்படி எத்தனையோ மேடையிலிருந்து இறங்கியிருக்கிறாள். ஆனால் இந்த ஏப்ரல் பதினாலு விழாவுக்குப் பாடகி ஜெயஸ்ரீ வருகிறார் என்ற சேதி வந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. விழா நடக்கப்போவது அவள் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு எதிரே இருக்கிற மைதானத்தில். அம்பேத்கர் பிறந்தநாள் என்றால் அந்தப் பக்கம் தீபாவளி, பொங்கல் எல்லாம் இரண்டாம் பட்சம்தான். பிளாக்கில் ஒரு வீடு பாக்கியில்லாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

நேராகக் காலடிப்பேட்டைக்குப் போனாள். அவள் வாசிக்கும் ‘தேன்சாரல்’ மெல்லிசைக் குழுவின் முதலாளி ஞானதுரை அங்கே எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். தெற்கத்திக்காரர். அப்பா காலத்திலேயே பட்டணத்துக்கு வந்துவிட்ட குடும்பம் என்றாலும் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை. எதற்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ‘பாப்போம்’ என்பார். அவர் பாப்போம் என்றால் நடக்காது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

“அண்ணாச்சி, இந்தத் தடவ நான் எறங்க மாட்டேன். ஜெயஸ்ரீ மேடம் பாட்டு அஞ்சுக்கும் நான்தான் வாசிப்பேன்.”

“அதுக்கென்ன பிள்ள, பாப்போம்.”

“பாப்போம்லாம் வாணாம். எங்கம்மா, எங்க மாமியாரு, பிளாக்கே வந்து குந்திகினு இருக்கும். அவுங்க கண்ணு முன்னால எறங்கிப் போயி டீ குடிக்க என்னால ஆவாது.”

சொல்லிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த பெரிய அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அண்டா வாங்க வந்த இரண்டு பெண்கள் அவள் எழுந்திருப்பாளா என்று பார்த்து நின்றார்கள். ஞானதுரை வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். முதலில் மேனேஜரிடம் குழைந்தார், அப்புறம் பாடகியிடமே குழைந்தார். பதில் ஒன்றும் மோசமில்லை. விழா அன்றைக்கு நாலு மணிக்குச் சவுண்ட் செக், அப்போது அந்தப் பெண் வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், எதற்கும் எங்கள் பேஸ்காரர் ஜாபரும் வரட்டும் என்றாராம் ஜெயஸ்ரீ. செங்கொடி அண்டாவிலிருந்து எழுந்தாள். ஞானதுரை அந்தப் பெண்களுக்கு அதே அண்டாவை எடுத்துக்காட்டி, எம்புட்டு கெட்டி பாருங்க என்று விற்றுவிட்டார்.

அன்றிலிருந்து பயிற்சி. போர்டு வீட்டில் பயிற்சி என்பது லேசான காரியமில்லை. பல வருஷத்துக் கட்டடம். ஒருமுறை அவள் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு வாசித்தபோது கீழ்வீட்டுக் கெங்கம்மாவின் மீன் குழம்பில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அது அவளால்தான் விழுந்ததா, விழ வேண்டிய நேரம் வந்து விழுந்ததா என்பதைக் கடவுளாலும் சொல்ல முடியாது. ஆனால் கெங்கம்மா சொல்லிவிட்டாள். அன்றோடு பிளாக்கில் ஆம்ப்ளிஃபயருக்குத் தடை.

கரண்ட் இல்லாத பேஸ் கிட்டார் கொசு முனகுகிற மாதிரி இருக்கும். அதற்குச் செங்கொடி கண்டுபிடித்த வழி பீரோ. கிட்டாரின் தலைப்பகுதியை இரும்பு பீரோவின் கதவில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசித்தால், பீரோ முழுக்கக் கும்மென்று பேசும். உள்ளே தொங்கும் ஹேங்கர்கள் தாளம் போடும். அவள் வாசிக்கிறவரை பீரோவைத் திறக்க முடியாது என்பது ஒன்றுதான் தொல்லை. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்க்கும் அவள் புருஷன் சித்தார்த், வேலைக்குக் கிளம்பும்போது சட்டை எடுக்கப் பாட்டு முடிகிறவரை காத்து நிற்பான். ஒரு பாட்டுதானே என்பாள் அவள். அது அஞ்சு பாட்டாகும்.

ஜெயஸ்ரீயின் அஞ்சு பாட்டில் ஒன்றுகூடத் தேன்சாரல் மேடையில் வழக்கமாகப் போகிற பாட்டில்லை. எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியவை. தேன்சாரலில் ஒத்திகை என்ற பேச்சே கிடையாது, மேடையேதான் ஒத்திகை. வாட்ஸப்பில் பாட்டுப் பெயர் வரும், எந்தச் சுருதி என்று கீபோர்டு வாசிக்கும் ஆன்றோ போடுவான், அவரவர் வீட்டில் அவரவர் படித்துக்கொண்டு வர வேண்டும். ஆன்றோ ஞானதுரையின் மகன், நல்ல கைக்காரன், போனில் விரலை அதிகம் செலவழிக்க மாட்டான். ‘அஞ்சும் ஒரிஜினல் ஸ்கேல்’ என்று ஒரு வரி போட்டான். செங்கொடி யூடியூபில் அஞ்சு பாட்டையும் தேடி எடுத்தாள், போன் சூடாகிற வரைக்கும் கேட்டாள், பீரோ கரகரக்க வாசித்தாள். கடைசியில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிக்கிற அளவுக்கு விரலில் ஏறிவிட்டது. முதல் பாட்டு அவளுக்கு உயிர். அடித் தந்தியை எங்கேயும் அழுத்தாமல் அப்படியே திறந்துவிட்டு அடிக்கிற இடம் அதில் இருந்தது, அடிக்கும்போதெல்லாம் சிரிப்பு வந்தது.

விழா அன்றைக்கு நாலு மணிக்கு மைதானம் நீலக் கொடியாக இருந்தது. வெயில் இன்னும் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஜெயஸ்ரீ பருத்திச் சுடிதாரில், வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்தார். பின்னால் கிட்டார் பையோடு ஜாபர். அவர் யாரிடமும் வம்பு வளர்க்கிற ஆளாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

முதல் பாட்டு. ஆன்றோ தொடக்க இசையைப் போட்டான். செங்கொடி தனக்குப் பிடித்த அந்த அடித் தந்தியை ஆசையோடு அடித்தாள். மேடையே முகத்தைச் சுளித்தது. ஒரே கதவை இந்தப் பக்கம் ஒருவர் தள்ள, அந்தப் பக்கம் ஒருவர் தள்ளுகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம். ஜெயஸ்ரீ கையைத் தூக்கினார்.

எல்லோரும் ஆன்றோவைத்தான் பார்த்தார்கள். கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வாசிக்கிற விரல் மாறாமலே சுருதி ஏறும், இறங்கும். ஒரு பாட்டுக்கு அழுத்திவிட்டு அடுத்த பாட்டில் அதை மறந்துபோவது கீபோர்டுக்காரர்களின் குலவழக்கம். ஆன்றோவும் குற்றவாளி மாதிரிக் குனிந்து பார்த்தான். பொத்தான் சரியாக இருந்தது. அப்புறம் எல்லோரும் செங்கொடியைப் பார்த்தார்கள்.

ரெண்டாவது பாட்டைப் போடச் சொன்னார் ஜெயஸ்ரீ. அதுவும் இடித்தது, அதைவிட அதிகமாக இடித்தது. மூன்றாவது பாட்டு மட்டும் சரியாக உட்கார்ந்தது. அப்போதுதான் செங்கொடிக்கு விளங்கியது. அடுத்தவர் பாட்டை யூடியூபில் தன் பக்கத்தில் ஏற்றுகிற ஆசாமிகள், பாட்டுக் கம்பெனியின் உரிமைச் சோதனையில் சிக்காமல் இருக்கச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போடுவார்கள். கேட்கிறவருக்குத் தெரியாது. ஒருவன் அரைக் கட்டை ஏற்றியிருக்கிறான், இன்னொருவன் ஒரு கட்டை ஏற்றியிருக்கிறான், மூன்றாமவன் யோக்கியன். ஒரிஜினல் என்று ஆன்றோ சொன்னது ஒன்று, அவள் போனில் கேட்ட ஒரிஜினல் வேறொன்று. இத்தனை நாள் பீரோவைப் போட்டு உலுக்கியதெல்லாம் தப்பான இடத்தில்.

காது மடல் கொதித்தது. யாரோ முகம் தெரியாதவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. ஒரே ஒரு தடவை ஆன்றோவுக்குப் போன் போட்டு, முதல் சுரம் என்ன என்று கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்கவில்லை. இறங்க மாட்டேன் என்று அண்டாவில் உட்கார்ந்து அடம் பிடித்தவள், எனக்கு இது தெரியவில்லை என்று கேட்பாளா? அந்த வீறாப்புதான் இப்போது மேடையில் அம்மணமாக நின்றது.

ஜெயஸ்ரீ கோபப்படவில்லை. பரவாயில்லை, மற்ற பாட்டெல்லாம் நீ வாசி, என் பாட்டுக்கு ஜாபர் வாசிக்கட்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். ஜாபர் பையின் ஜிப்பை இழுத்தார்.

“மேடம், பாட்டு தெரியும். எடந்தான் தப்பாப் படிச்சிட்டேன். இப்ப கேளுங்க.”

பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டாள். ஆன்றோ விட்ட சுரத்தை வாய்க்குள் முனகிப் பிடித்துக்கொண்டு, முதல் பாட்டை அந்தச் சுருதியில் வாசித்தாள். அவளுக்கு உயிரான அந்த அடிச் சுரம் இப்போது அவள் கிட்டாரிலேயே இல்லை. அரைக் கட்டை இறங்கியதும் அது தந்திக்குக் கீழே போய்விட்டது. அதை மேல் ஸ்தாயியில் பிடித்தாள். இரண்டு இடத்தில் தவறினாள். நின்று, திரும்பப் பிடித்து, பல்லவி முழுக்க வாசித்து முடித்தாள்.

ஜெயஸ்ரீ பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தார். கச்சேரி கச்சேரியாக ஊர் ஊராகப் பாடிப் பிழைத்து மேலே வந்தவர், இறங்க மாட்டேன் என்கிற அந்த முகத்தை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

“முதல் பாட்டு நீ வாசி. சரியா வந்தா ரெண்டாவதும் நீதான். எங்க தப்புதோ அங்க ஜாபர் ஏறிடுவார். சனம் பார்க்கத்தான் மாத்துவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

செங்கொடி தலையாட்டிவிட்டாள். ஞானதுரைக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. அவளை மேடைக்குப் பின்னால் ஓரமாகக் கூப்பிட்டு, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இறங்கினால் அது வழக்கம், ஒருத்தரும் எதுவும் நினைக்க மாட்டார்கள், பாதியில் இறக்கிவிட்டால் அது அசிங்கம், அதுவும் உன் ஊர் மைதானத்தில் என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவளுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

“தெரியும் அண்ணாச்சி. ஆனா நானா எறங்க மாட்டேன். எறக்கி வுட்டா பாத்துக்கலாம்.”

கச்சேரி ஆறு மணிக்கு. அஞ்சு பாட்டுக்கும் முதல் சுரம் என்ன என்று ஆன்றோவிடம் கேட்டுக்கொண்டு, அதற்குள் கிடைத்த கொஞ்ச நேரத்தில் மைதானத்தைக் கடந்து வீட்டுக்கு ஓடினாள். சித்தார்த் விழாவுக்குக் கிளம்பக் குளித்துவிட்டு, பனியனோடு பீரோவைத் திறக்கப் போனான். அவள் கிட்டாரோடு உள்ளே வந்த வேகத்தைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான்.

“இன்னாம்மே, இன்னா ஆச்சு?”

சொன்னாள். அவன், எல்லாத் தந்தியையும் அரைக் கட்டை தளர்த்திவிட்டு, படித்த இடத்திலேயே வாசித்தால் என்ன என்று கேட்டான். பேஸ் வாசிப்பவளின் புருஷனாக இருந்து இருந்து அவனுக்கும் ஏதோ ஏறியிருந்தது. ஒரே பாட்டென்றால் அதுதான் சரி, ஆனால் ஒன்று அரைக் கட்டை, ஒன்று ஒரு கட்டை, ஒன்று சரியாகவே இருக்கிறது, பாட்டுக்குப் பாட்டு மேடையில் முறுக்கிக்கொண்டா நிற்பது என்றாள். அவன் கதவருகில் பனியனோடு நின்றான். அவள் கிட்டாரின் தலையைப் பீரோவில் வைத்தாள்.

முதலில் விரலைத் திருத்தப் பார்த்தாள். விரல் கேட்கவில்லை. இத்தனை நாள் ஊட்டி வளர்த்த பழக்கம், ஒரு சாயங்காலத்தில் எப்படிப் போகும்? ஒவ்வொரு தடவையும் பழைய இடத்துக்கே ஓடியது. கிட்டாரை மடியில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். அப்புறம் தன்னையறியாமல் ரெண்டாவது பாட்டின் பேஸை வாயால் பாடினாள், தும்தும்மென்று, சரியான சுருதியில். வாய் தப்புப் பண்ணவில்லை. வாய்க்கு எந்த இடம் என்ற கவலை இல்லை, எவ்வளவு ஏறணும், எவ்வளவு இறங்கணும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சரி, விரல் படித்ததெல்லாம் போகட்டும், வாய்க்குத் தெரிந்தது போதும் என்று முடிவு பண்ணினாள். வாயால் பாடினாள், கையை அதன் பின்னால் ஓடவிட்டாள். பீரோ கும்மென்றது. தப்பியது, பிடித்தது, மறுபடி தப்பியது, பிடித்தது. கிளம்பும்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பிடிக்க முடியும் என்ற தைரியம் மட்டும் இருந்தது. சித்தார்த் அதற்கப்புறம்தான் சட்டை எடுத்தான்.

கச்சேரியின் முதல் பாதி ஓடியதே தெரியவில்லை. தேன்சாரலின் வழக்கமான பாட்டுகள், கை தானாகப் போட்டது. மனசு முழுக்க அந்த அஞ்சு பாட்டில் இருந்தது. முன்வரிசையில் அம்மாவும் மாமியாரும் ஒரே விசிறியை மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள். பேர் சொல்லி வர்ணித்து ஜெயஸ்ரீயை மேடைக்கு அழைத்தபோது மைதானம் எழுந்து நின்றது. ஜாபர் மேடைப் படியின் கீழே, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நின்றார்.

முதல் பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே வாசித்தாள். ஸ்தாயி மாற்றிப் பிடித்த இடம் பழைய இடத்தைவிட நன்றாகவே ஒலித்தது. பாட்டு முடிந்ததும் ஜெயஸ்ரீ திரும்பிப் பார்க்காமலே ரெண்டாவது பாட்டின் பெயரைச் சொன்னார். அதாவது, நீயே வாசி.

ரெண்டாவது பாட்டுதான் ஒரு கட்டை தள்ளிப் படித்த பாட்டு. பல்லவி போயிற்று, சரணம் போயிற்று. நடுவில் பாடகி ஓய்ந்து வாத்தியங்கள் மட்டும் பேசுகிற இடத்தில், சனத்தில் யாரோ போட்ட விசிலுக்கு அவள் தலை நிமிர்ந்த நொடியில், விரல் பழைய வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டது. தப்பான சுரம் மைதானம் முழுக்க இறங்கியது. ஆன்றோவின் கண் விரிந்தது. ஜாபர் முதல் படியில் கால் வைத்தார். செங்கொடி விரலை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அது தப்பு. அழுத்திய விரலை அப்படியே வழுக்கிக்கொண்டு சரியான இடத்துக்குக் கொண்டுபோனாள், வேண்டுமென்றே செய்த குழைவு மாதிரி. அடுத்த சுற்றில் அதே இடம் வந்தபோது மறுபடியும் அதே தப்பிலிருந்து அதே மாதிரி வழுக்கினாள். ஒரு தடவை வந்தால்தானே தப்பு? ஆன்றோ சிரித்துவிட்டான். ஜெயஸ்ரீ பாதி திரும்பி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி சனத்தைப் பார்த்தார். ஜாபர் காலைக் கீழே எடுத்தார்.

மூன்றாவது பாட்டு, யோக்கியன் சுருதியை மாற்றாமல் போட்ட பாட்டு. அதில் அவளுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. இளவட்டங்கள் எழுந்து ஆடினார்கள், மைதானத்துப் புழுதி விளக்கு வெளிச்சத்தில் மேலே கிளம்பியது. அந்தப் புழுதி நேராகப் பாடகியின் தொண்டைக்குப் போயிற்று.

நாலாவது பாட்டுக்கு முன்னால் ஜெயஸ்ரீ வெந்நீர் குடித்தார், கனைத்தார், மறுபடி குடித்தார். பின்னால் திரும்பிக் கட்டை விரலைக் கீழே காட்டினார். ஒரு கட்டை இறக்கு என்று அர்த்தம். ஆன்றோவுக்கு என்ன, பொத்தானை அழுத்தினான், முடிந்தது. பேஸுக்குப் பொத்தான் கிடையாது. இப்போது வாசிக்க வேண்டியது போனில் கேட்ட சுருதியும் இல்லை, ஒரிஜினலும் இல்லை, யாருமே படிக்காத மூன்றாவது சுருதி. ஜாபர் மேலே வரவா என்று சைகையில் கேட்டார். ஜெயஸ்ரீ செங்கொடியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள், பயமாகத்தான் இருந்தது, இருந்தாலும் அசைத்தாள்.

பாட்டு தொடங்கியது. மேடையில் பாடகிக்கென்று வைத்திருந்த ஸ்பீக்கரின் லட்சணம் அப்படி, அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. எதிரே மைதானத்துப் பெட்டிகளின் சத்தம் எங்கேயோ முட்டிவிட்டுத் தாமதமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பழக்கமில்லாத சுருதி வேறு. பல்லவியின் இரண்டாவது வரியில் ஜெயஸ்ரீயின் குரல் லேசாக நழுவியது. சனத்துக்குத் தெரியவில்லை, மேடைக்குத் தெரிந்தது. செங்கொடி யோசிக்கவில்லை. பாட்டில் இருந்த அலங்காரத்தையெல்லாம் உதறிவிட்டு, பாடகி நிற்க வேண்டிய சுரத்தை மட்டும், அழுத்தமாக, ஒவ்வொரு தாளத்துக்கும் ஒன்றாக அடித்துக் கொடுத்தாள். இங்கே நில்லு, இங்கேதான், வா என்று கையைப் பிடித்துச் சொல்வது மாதிரி அடித்தாள்.

அப்போது அது நடந்தது. ஜெயஸ்ரீ மேடையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பாடிக்கொண்டே பின்னால் நடந்து வந்தார். டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு முழ இடத்துக்கு வந்து, செங்கொடியின் தோள் இடிக்கிற மாதிரிப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவளுடைய ஆம்ப்ளிஃபயரின் சத்தம் காலில் ஏறுகிற இடம் அது. குரல் ஆடாமல் சுரத்தில் வந்து நின்றது. அங்கேயே நின்று சரணம் இரண்டையும் பாடினார். விளக்கு போடுகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கொஞ்சம் தடுமாறிவிட்டு, முன்னால் இருந்த வெளிச்சத்தையெல்லாம் அள்ளிப் பின்னால் போட்டார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் செங்கொடியின் கண் கூசியது. படியில் நின்ற ஜாபர் கிட்டாரைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தாளம் போட ஆரம்பித்தார்.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஜெயஸ்ரீ அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மைக்கில், இன்றைக்கு என்னைத் தாங்கிப் பிடித்தது இந்தப் பெண்தான் என்றார். “இவங்க பேரு...” என்று இழுத்தார். பேரை அவர் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. அவளிடம் கேட்பதற்காகக் குனிந்தார்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் செங்கொடி என்றது. அப்புறம் நாலைந்து குரல். அப்புறம் பிளாக் பிளாக்காக எழுந்து மைதானம் மொத்தமும் அவள் பேரைச் சொன்னது, நிறுத்தாமல் சொன்னது. அம்மா விசிறியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். சித்தார்த் கசங்கிய சட்டையோடு நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தான். செங்கொடிக்குச் சந்தோஷத்தில் கண் தளும்பி முன்னால் இருந்த எதுவும் சரியாகத் தெரியவில்லை.

ஜெயஸ்ரீ சிரித்துக்கொண்டே மைக்கை அவள் வாயருகில் நீட்டினார். ஏதாவது பேசச் சொன்னார். பேஸ் வாசிப்பவளின் வாய்க்கு முன்னால் மைக் வருவது அதுதான் முதல் தடவை. என்னென்னவோ சொல்லத் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அடுத்தது ஏ மைனர். போலாமா?”

அடுத்த பாட்டின் சுருதியைத்தான் சொன்னாள். மைதானம் சிரித்தது, கத்தியது, அவள் அதற்குள் அஞ்சாவது பாட்டைத் தொடங்கிவிட்டாள். ஆன்றோவும் டிரம்ஸும் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். இந்தப் பாட்டில் அவள் வாய்க்குள் பாடவில்லை, வாய்விட்டே பாடினாள். யாருக்குக் கேட்டால் என்ன? கை தப்பவில்லை, ஓரிடத்திலும் தப்பவில்லை.

பாட்டு முடிந்தது. ஜெயஸ்ரீ சனத்தைக் கும்பிட்டார், செங்கொடியின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார், மாலையும் சால்வையுமாக ஞானதுரை முன்னால் நடக்க மேடையிலிருந்து இறங்கினார். ஜாபர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். செங்கொடி தன்னுடைய இடத்திலேயே நின்று தந்தியைச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பாட்டு இருந்தது.